ஒரே குழாயில் இரண்டு குடம்

பழைய மினி காரின் கார்புரேட்டரையும் அது உட்கார்ந்திருக்கும் மேனிஃபோல்டையும் கழற்றிவிட்டு சிலிண்டர் ஹெட்டை எட்டிப் பாருங்கள். நான்கு சிலிண்டர் என்ஜின்; காற்றும் பெட்ரோலும் உள்ளே போக நான்கு துளை இருக்கும் என்றுதான் நினைப்போம். இரண்டுதான் இருக்கும். முதல் சிலிண்டரும் இரண்டாவதும் ஒரு துளையைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. மூன்றாவதும் நான்காவதும் இன்னொன்றை. புகை வெளியேற மூன்று துளை. ஆக மொத்தம் ஐந்து.

பழைய காருக்கு ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் பொருத்த ஆசைப்படுகிறவர்கள் எடுத்தவுடன் கேட்பது, "எந்த இசியூ வாங்கலாம்?" இசியூ என்றால் என்ஜினை நடத்தும் கணினி, உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி. நூற்றுக்கணக்கில் விற்கின்றன. ஆனால் துளைகளை எண்ணிப் பார்க்காமல் பெட்டியை விலை பேசுவது, காலை அளக்காமல் செருப்பு வாங்குவது மாதிரி.

இந்த ஏ-சீரிஸ் என்ஜின் 1951-ல் ஆஸ்டின் ஏ30 காரில் வந்தது. 1959-ல் அலெக் இசிகோனிஸ் அதைக் குறுக்குவாட்டில் திருப்பி மினிக்குள் வைத்தார். மினியில் 848 சிசியில் தொடங்கி 1275 சிசி வரை வளர்ந்து, 2000-ஆம் ஆண்டு மினி நிற்கும்வரை அதே அடிப்படையில் ஓடியது. வால்வுகளைத் தள்ளும் புஷ்ராடுகளும் இந்தத் துளைகளும் ஹெட்டின் ஒரே பக்கத்தில் நெருக்கியடிப்பதால் தனித்தனித் துளைக்கு இடமில்லை. வார்ப்புச் செலவும் மிச்சம். ஒட்டிப் பிறந்த இரட்டையரை நினைத்து இவற்றுக்கு 'சயாமீஸ் போர்ட்' என்று பெயர் வந்தது.

இது மினிக்கு மட்டும் உள்ள விநோதமல்ல. அதே கம்பெனியின் பெரிய என்ஜின் பி-சீரிஸ். அதற்கும் இதே ஐந்து துளைதான். எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரில் இருந்தது அது. நம் சாலைகளில் ஓடிய அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் என்ஜினும் அதுவே. பழைய அம்பாசடர் வைத்திருப்பவர் இங்கே சொல்வதில் பெரும்பகுதியைத் தன் காருக்கும் பொருத்திப் பார்க்கலாம்.

மினியின் எஸ்யூ கார்புரேட்டர் நம் ஊர் அடிபம்பு போல. கைப்பிடியை அழுத்தினால்தான் தண்ணீர் வரும். அழுத்தாதபோது ஒரு சொட்டும் வராது. என்ஜின் காற்றை உறிஞ்சும்போது கார்புரேட்டருக்குள் ஒரு சிறு பிஸ்டன் மேலே எழும்பும். அதோடு சேர்ந்து கூரான ஊசி ஒன்று உயர்ந்து, பெட்ரோல் வரும் ஓட்டையைப் பெரிதாக்கும். காற்று நகர்ந்தால் பெட்ரோல், நின்றால் அதுவும் நிற்கும். யார் உறிஞ்சுகிறார்கள், எந்த வரிசையில் என்பதெல்லாம் அதற்குத் தெரியவே வேண்டாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஸ்கின்னர் சகோதரர்கள் கண்ட இந்த எளிமையை நான் இன்றும் வியந்துதான் பார்க்கிறேன்.

இன்ஜெக்டர் அப்படி இல்லை. அது நேரம் பார்த்துத் திறக்கும் நகராட்சிக் குழாய். ஏறத்தாழ 3 பார் அழுத்தத்தில் பெட்ரோல் காத்திருக்கும். இசியூ மின்சாரம் கொடுக்கும் சில மில்லி விநாடிகள் மட்டும் வாய் திறந்து பீய்ச்சும். மேனிஃபோல்டில் எவ்வளவு அழுத்தம், காற்றின் வெப்பம் என்ன, என்ஜின் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று பார்த்து, உள்ளே போகும் காற்றின் எடையை இசியூ கணக்கிடுகிறது. 1 கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும் என்ற விகிதத்தை வைத்து, எவ்வளவு நேரம் திறப்பது என்று முடிவுசெய்கிறது. குழாயடியில் குடம் இருக்கிறதா என்பது அதன் கவலை அல்ல. நேரமானால் தண்ணீர் விழும்.

ஒரே குழாயில் இரண்டு வீட்டுக்காரர்கள் என்றால் என்ன நடக்கும்?

ஏ-சீரிஸின் எரிவரிசை 1-3-4-2. கிராங்க் தண்டு அரைச் சுற்று சுற்றும்போதெல்லாம் ஒரு சிலிண்டர் உறிஞ்சத் தொடங்கும். முதல் துளையின் பங்காளிகளைக் கவனியுங்கள். இரண்டாவது சிலிண்டர் உறிஞ்சும். அடுத்த அரைச் சுற்றிலேயே முதலாவது உறிஞ்சும். பிறகு ஏறக்குறைய ஒரு முழுச் சுற்றுக்கு அந்தத் துளையில் அசைவே இல்லை. அந்த இடைவெளியில் இன்ஜெக்டர் பீய்ச்சியதெல்லாம் துளைக்குள் தேங்கி நிற்கும். முந்தி வருகிற இரண்டாவது சிலிண்டர் அத்தனையையும் வாரிக்கொண்டு போகும். பின்னால் வரும் முதலாவதுக்கு மிச்சம் மீதி. மறுபக்கத்தில் மூன்று முந்திக்கொள்ள, நான்கு ஏமாறும். நடுவில் உள்ள இரண்டு சிலிண்டர்களும் பெட்ரோலில் முழுகும். ஓரத்தில் உள்ள இரண்டும் பட்டினி. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினால் நடுவிரண்டு கரி பிடித்தும் ஓரமிரண்டு வெளுத்தும் இருக்கும்.

தானாகக் கற்றுக்கொள்ளும் இசியூக்கள் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். புகைக்குழாயில் லாம்டா சென்சார் ஒன்றைப் பொருத்தி, வெளியே வரும் வாயுவில் மிஞ்சும் ஆக்சிஜனை அளந்து, இவை தம் கணக்கைத் தாமே திருத்திக்கொள்ளும். அமெரிக்க வி8 என்ஜின்களுக்கு ஹாலி கம்பெனி விற்கும் ஸ்னைப்பர் இந்த வகை. பழைய நாலு பேரல் கார்புரேட்டர் இருந்த இடத்திலேயே போல்ட் போட்டு உட்காரும். அந்த என்ஜின்களுக்கு நல்ல தீர்வு. ஆனால் மினியில், மூன்று புகைத் துளைகளின் குழாய்களும் ஒன்றுகூடும் இடத்தில் உள்ள சென்சார் பார்ப்பது நான்கு சிலிண்டர்களின் சராசரியை. இரண்டில் கூடுதல், இரண்டில் குறைச்சல் என்றால் கூட்டிக்கழித்துத் திரையில் 14.7 என்றே காட்டும். எல்லாம் நலம் என்று ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். பெட்ரோல் போதாமல் ஓடும் ஓர சிலிண்டர்கள் உள்ளே வெந்துகொண்டிருக்கும்.

பிற்காலத்தில் மினியைத் தயாரித்த ரோவர் கம்பெனியே இந்தச் சிக்கலில் இரண்டு முறை கைவைத்தது. 1991-ல் மினி கூப்பருக்கு வந்தது ஒற்றை இன்ஜெக்டர்: கார்புரேட்டர் இருந்த இடத்தில், த்ராட்டிலுக்கு மேல். நான்கு சிலிண்டரும் அந்த ஒரே வாய் வழியாக உறிஞ்சுவதால் அங்கே காற்று நிற்பதே இல்லை. பெட்ரோல் காற்றோடு கலந்து கூடவே போகும். சயாமீஸ் சிக்கலை நேரில் சந்திக்காமல் சுற்றிக்கொண்டு போகும் வழி. 1996-ல் துளைக்கு ஒன்றாக இரண்டு இன்ஜெக்டர் வந்தன. இப்போது நேரம் பார்த்துப் பீய்ச்சியே ஆக வேண்டியிருந்தது.

இன்று பழைய மினிக்கு இசியூ தேடுகிறவர் முன்னாலும் அந்த இரண்டு வழிகளே இருக்கின்றன. முதல் வழியில் போனால் ஏறக்குறைய எந்த இசியூவும் போதும். பணம் மிச்சம், தூக்கமும் கெடாது. கோயிலுக்கும் கடைக்கும் போய்வரும் காருக்கு இதற்கு மேல் வேண்டாம் என்பது என் கட்சி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கிற காராக இருந்தால் எஸ்யூ கார்புரேட்டரை ஒழுங்காகச் சுத்தம் செய்து விட்டுவிடலாம் என்றுகூடச் சொல்வேன்.

இரண்டாவது வழி ருசியானது, கடினமானதும்கூட. முந்துகிற சிலிண்டருக்கு உரியதை முன்கூட்டியே துளைக்குள் வைத்துவிடலாம். பிந்தியவருக்கு உரியதை, முந்தியவரின் வால்வு மூடிய பிறகே பீய்ச்ச வேண்டும். சாதாரண கேம் ஷாஃப்ட் உள்ள என்ஜினில் அதற்குக் கிடைப்பது சுமார் அரைச் சுற்று. 6000 ஆர்பிஎம்மில் ஒரு முழுச் சுற்றே 10 மில்லி விநாடி. அரைச் சுற்று 5. இன்ஜெக்டர் மின்சாரம் பெற்று வாய் திறக்கவே ஏறக்குறைய 1 மில்லி விநாடி போய்விடும். மீதி 4.

சுமார் 70 குதிரைத்திறன் தரும் 1275 சிசி என்ஜினுக்கு அந்த வேகத்தில் நிமிடத்துக்கு 350 மில்லி பெட்ரோல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டருக்கு ஒரு தடவைக்கு 0.03 மில்லி, ஏறக்குறைய அரைச் சொட்டுத் தண்ணீர் அளவு. அதை 4 மில்லி விநாடிக்குள் பீய்ச்ச, நிமிடத்துக்கு 440 மில்லி தரும் இன்ஜெக்டர் வேண்டும். நேரக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் அதில் பாதி போதும். பெரிய இன்ஜெக்டரைப் போட்டால் போயிற்று என்றும் இருக்க முடியாது. சிக்னலில் நிற்கும்போது தேவையான பெட்ரோல் மிகக் கொஞ்சம். பெரிய வாய் 1 மில்லி விநாடி திறந்தாலே அது தீர்ந்துவிடும். அவ்வளவு குறுகிய திறப்பில் இன்ஜெக்டர் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு தருவதில்லை, ஐடிலிங் தள்ளாடும். எனவே இந்த வழியில் போகிறவர், ஒவ்வொரு பீய்ச்சலும் எந்தக் கோணத்தில் நடக்க வேண்டும் என்று குறித்துக்கொடுக்கக்கூடிய இசியூவையே வாங்க வேண்டும். ஒரே துளைக்கு இரண்டு தனித்தனிப் பீய்ச்சல் என்ற ஏற்பாடு அதன் மென்பொருளில் இருக்க வேண்டும். விளம்பரத்தில் 'சீக்வென்ஷியல்' என்று போட்டிருந்தால் மட்டும் போதாது. அது பெரும்பாலும் நான்கு துளைக்கு நான்கு இன்ஜெக்டர் உள்ள என்ஜின்களை மனதில் வைத்துச் சொல்வது.

இரண்டாவது வழியில் போகிறவர்கள் மெகாஸ்குவர்ட்டைத் தேடிப்போவது அதனால்தான். 2001-ல் புரூஸ் பௌலிங், ஆல் கிரிப்போ என்ற இரண்டு அமெரிக்கர்கள் வெளியிட்ட இசியூ அது. உதிரியாக வாங்கி வீட்டு மேசையில் நாமே சால்டரிங் வைத்துக் கட்டலாம். ஆர்வலர்கள் அதன் மென்பொருளை வளர்த்துக்கொண்டே போனார்கள். இரண்டாம் தலைமுறைக்கான 'எக்ஸ்ட்ரா' பதிப்பில் சயாமீஸ் என்றே தனியாக ஓர் ஏற்பாடு உண்டு. ஆர்டுயினோ பலகையின் மேல் கட்டப்பட்ட ஸ்பீடுயினோ இன்னும் மலிவு, மென்பொருளும் திறந்தது. ஆனால் கையால் கட்டிய பெட்டி பழுதானால் மெக்கானிக் நீங்கள்தான். பக்கத்து ஊரில் டியூனிங் தெரிந்தவர் எந்தப் பெட்டியோடு பழகியிருக்கிறார் என்று கேட்டு அதையே வாங்குவது, கூடுதல் வசதிகள் பத்தைவிட மேல்.

பெட்டிக்கு வெளியே உள்ள வேலைகளைச் சொல்லாமல் விட்டால் ஏமாற்றியதாகும். 1969 வரை வந்த மினிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் காரின் உடலோடு இணைந்திருக்கும். இசியூவை இணைக்கும் முன் அதை நெகட்டிவுக்கு மாற்றியாக வேண்டும். பழைய டைனமோ பெட்ரோல் பம்பையும் சென்சார்களையும் சேர்த்துத் தாங்காது, ஆல்டர்னேட்டர் வேண்டும். மிஞ்சும் பெட்ரோல் டேங்குக்குத் திரும்ப ஒரு குழாய். அழுத்தம் தாங்கும் ஹோஸ். மோதினால் பம்பை நிறுத்தும் ஸ்விட்ச். இவற்றில் மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் தீயணைப்பான் ஒன்றையும் வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.

ஒரு வேடிக்கை. அமெரிக்காவின் பெண்டிக்ஸ் கம்பெனி 1957-லேயே எலக்ட்ரோஜெக்டர் என்ற மின்னணு இன்ஜெக்‌ஷனை அறிவித்துவிட்டது. 1958-ல் கிரைஸ்லரின் சில கார்களில் அது வந்தது. அந்தக் காலத்து மின்னணு உறுப்புகள் என்ஜின் அறையில் தாக்குப்பிடிக்கவில்லை. விற்ற கார்களில் பெரும்பாலானவற்றில் அதைக் கழற்றிவிட்டுக் கார்புரேட்டரைப் பொருத்திக் கொடுத்தார்கள். அதன் காப்புரிமைகள் பாஷ் கம்பெனியின் கைக்குப் போய், 1967-ல் ஃபோக்ஸ்வேகன் 1600-ல் டி-ஜெட்ரானிக் என்ற பெயரில் பிழைத்துக்கொண்டன.

மினிக்கே திரும்புவோம். கிராங்க் புல்லியில் 36 பல்லுக்கு இடம் வைத்து, அதில் ஒன்றை மட்டும் வெட்டிவிட்ட சக்கரத்தைப் பொருத்தினால், பல் இல்லாத இடத்தைச் சென்சார் கடக்கும்போது தண்டு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று இசியூவுக்குத் தெரிந்துவிடும். ஆனால் ஒரு சுழற்சிக்குக் கிராங்க் இரண்டு முறை சுற்றுகிறது. இது முதல் சுற்றா இரண்டாவதா, இப்போது உறிஞ்சுவது ஒன்றா நான்கா என்று அந்தச் சக்கரத்தால் சொல்ல முடியாது. சயாமீஸ் துளையில் அது தெரியாமல் பீய்ச்சினால் ஒருவரின் பங்கு இன்னொருவருக்குப் போய்விடக்கூடும். சுழற்சிக்கு ஒரே முறை சுற்றுகிற ஏதாவது ஒன்று வேண்டும். அது ஏற்கெனவே என்ஜினின் முன்பக்கத்தில் இருக்கிறது: டிஸ்ட்ரிபியூட்டர். ஸ்பார்க் வேலையைக் காயில் பேக்குகள் எடுத்துக்கொண்டதால் தூக்கிப்போட நினைத்த அதே டிஸ்ட்ரிபியூட்டர். மூடியைக் கழற்றி, உள்ளே ஆடும் எடைகளை அசையாமல் பூட்டி, ஒரே ஒரு பல்லையும் ஒரு சென்சாரையும் வைத்துத் திரும்பப் பொருத்துகிறார்கள். சுழற்சிக்கு ஒருமுறை அது இசியூவிடம், "இப்போது ஒன்றாம் சிலிண்டர்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்.