உண்ணிக் காய்ச்சல்: கிருமி உள்ளே புகுவது எப்படி?

லாலான் புல் வெட்டியவருக்குப் பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வருகிறது. தலை வெடிக்கிற மாதிரி வலி. "மழையில நனைஞ்சதுதான், ரெண்டு பெனடோல் போட்டா சரியாயிடும்" என்று இருந்துவிடுகிறார். தோழர்களே, இப்படி இருந்துவிடுவது உயிருக்கே ஆபத்து. அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். டாக்டர்கள் இதை ஸ்க்ரப் டைஃபஸ் என்பார்கள்.

எலிகள் நடமாடும் புதரிலும் புல்லிலும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத உண்ணிக் குஞ்சுகள் உண்டு. அவை கடித்தால் வலிக்காது. கடிவாய் வழியே கிருமி உடம்பில் இறங்குகிறது.

நம் உடம்பு கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. வீட்டுக்குத் தூணும் விட்டமும் போல ஒவ்வோர் உயிரணுவுக்கும் உள்ளே நுண்ணிய நார்ச்சட்டம் உண்டு. வீட்டுத் தூண் அசையாது. இந்த நார்களோ ஓயாமல் பிரிந்து கூடிக்கொண்டே இருக்கும். கிருமி இதைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது. உயிரணுவின் வெளிப்பக்கம் ஒட்டிக்கொண்டு உள்ளே சைகை அனுப்புகிறது. உடனே அவ்விடத்தில் நார்கள் திரள்கின்றன. உயிரணுவின் தோல் மடிந்து, கிருமியைச் சுற்றி வளைத்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. திருடன் பூட்டை உடைக்கவில்லை. வீட்டுக்காரனையே கதவைத் திறக்க வைத்துவிட்டான்!

உள்ளே போனதும் சுற்றிய பையைக் கிழித்து வெளிவந்து, வேறு நார்களைத் தண்டவாளமாக்கி நடுப்பகுதிக்குப் போய்ப் பெருகுகிறது. இரத்தக் குழாய்ச் சுவர்களை இது தாக்குவதால் நுரையீரல், மூளை, சிறுநீரகம் எல்லாம் கெடலாம்.

உயிரணுவுக்குள் ஒளிந்திருக்கும் இந்தக் கிருமியிடம் பென்சிலின் பலிக்காது. 1948-இல் கோலாலம்பூரில் டாக்டர் ஜோசப் ஸ்மாடல் குழுவினர் குளோரோமைசெட்டின் மருந்து இதைக் குணமாக்குவதைக் காட்டினர். இன்று டாக்ஸிசைக்கிளின் மாத்திரை தருகிறார்கள். சீக்கிரம் தொடங்கினால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். கர்ப்பிணிகள் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லவேண்டும். அவர்களுக்கு வேறு மருந்து உண்டு.

செய்யவேண்டியவை:

அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் சிகரெட் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு இருக்கிறதா பாருங்கள். வெட்கப்படாமல் டாக்டரிடம் காட்டுங்கள். பொருக்கு இல்லாமலும் இந்தக் காய்ச்சல் வரும். ஆகவே, "நான் தோட்டத்துல வேலை செய்றேன், புதர்ல இறங்கினேன்" என்று கேட்காமலே சொல்லுங்கள்.

வேலைக்கு நீளக் காற்சட்டையும் பூட்ஸும் போடுங்கள். புல்தரையில் உட்காராதீர்கள், துணியையும் போடாதீர்கள். வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் குளித்து உடுப்பை மாற்றுங்கள்.

ஒருநாள் சம்பளம் போனால் மறுநாள் சம்பாதிக்கலாம். உயிர் போனால்?