கொல்லிமலை மண்ணுக்குள் ஒரு பண்டமாற்று!

நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது கொல்லிமலை. வல்வில் ஓரி ஆண்ட மலை. 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போனால், மிளகும் வாழையும் அன்னாசியும் நம்மை வரவேற்கும். சரிவுகளில் கேழ்வரகு, சாமை, தினை விளையும்.

இந்த வயல்களின் மண்ணுக்குள் ஒரு பண்டமாற்று வியாபாரம் நடக்கிறது. ஒரு பக்கம் செடி. மறு பக்கம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்!

இலைகள் வெயிலில் சர்க்கரை தயாரிக்கின்றன. அதில் ஒரு பங்கை வேர் வழியாகச் செடி வெளியே விடுகிறது. அதைத் தின்று நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. சும்மா தின்பதில்லை, பதிலுக்கு உழைக்கின்றன.

ஒரு துவரைச் செடியை மெதுவாகப் பிடுங்கிப் பாருங்கள். வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு தெரியும். நம் இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் பொருளுக்கு உறவான ஒரு பொருள் அதில் உண்டு. அந்த முடிச்சில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள், காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தழைச்சத்தாக்கிச் செடிக்குக் கொடுக்கின்றன. ஜெர்மன் விஞ்ஞானிகள் இருவர் 1888-ல் இதை நிரூபித்தார்கள்.

கேழ்வரகுக்கு முடிச்சு கிடையாது. அதற்குத் துணை, வேருக்குள் புகுந்து வாழும் ஒரு பூஞ்சை. தலைமயிரைவிட மெல்லிய அதன் இழைகள், வேர் எட்டாத இடத்துக்கும் போய் மணிச்சத்தைக் கொண்டு வருகின்றன. கூலி? சர்க்கரைதான். மணிச்சத்து உரத்தை அதிகமாகக் கொட்டினால், செடி அந்தக் கூலியைக் குறைத்துக் கொள்கிறது. கெட்டிக்காரச் செடி!

இரவில் தண்ணீர்

துவரை வேர் ஆழமாகப் போகும். கேழ்வரகு வேர் மேலாகவே நிற்கும். அடியில் உள்ள ஈரத்தைத் துவரை இழுத்து, இரவில் மேல் மண்ணில் கொஞ்சம் கசிய விடுகிறது. இரு பயிர்களின் வேரையும் இணைக்கும் பூஞ்சை இழைகள், அந்த ஈரம் கேழ்வரகுக்குப் போய்ச் சேர உதவுகின்றன. வறட்சியில் கேழ்வரகு தாக்குப் பிடிக்க இது கைகொடுப்பதை, தொட்டிகளில் வளர்த்துப் பார்த்த விஞ்ஞானிகள் 2018-ல் வெளியிட்டார்கள்.

வயலிலும் சோதனை நடந்தது. இந்திய, சுவிஸ் விஞ்ஞானிகள் கூட்டாகக் கொல்லிமலையிலும் பெங்களூரிலும் கேழ்வரகையும் துவரையையும் சேர்த்துப் பயிரிட்டார்கள். நல்ல பூஞ்சையையும் பாக்டீரியாவையும் சேர்த்தபோது, உரத்தைக் குறைத்தும் விளைச்சல் கூடியது. 2020-ல் முடிவு வெளிவந்தது.

மரவள்ளி வந்தது

ஆனால் கேழ்வரகும் சாமையும் விளைந்த நிலங்களில் பெரும் பகுதி மரவள்ளிக்கு மாறிவிட்டது. சேகோ ஆலைகள் கிழங்கை வாங்குகின்றன. கையில் பணம் புரளுகிறது. பிள்ளைகளைப் படிக்க வைக்கப் பணம் வேண்டாமா? குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

ஒரு வேடிக்கை: பூஞ்சையின் தயவு இல்லாமல் சரியாக வளராத பயிர்களில் மரவள்ளியும் ஒன்று! ஆனால் கிழங்கு பிடுங்க மண்ணைக் கிளற வேண்டும். கிளறிய சரிவில் மழை அடித்தால் மேல் மண் ஓடுகிறது. அதோடு பூஞ்சை இழைகளும் ஓடுகின்றன. அந்த இடத்தில் மறுபடி துவரை போட்டாலும், இழைகள் பழையபடி பரவக் காலம் பிடிக்கும்.