காசு கொடுத்து எழுதவைத்த இசை

1904 மே மாதம் பாரிஸில் ஒரு கச்சேரி. இளஞ்சிவப்பு கவுன் அணிந்த, ஐம்பது வயதை ஒட்டிய அமெரிக்கப் பெண்மணி ஒருவர் மேடையில் ஆல்டோ சாக்ஸபோன் வாசித்தார். பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸிக்கு அது கேலிக்குரிய காட்சியாகப் பட்டது. தன் படைப்புக்கும் இந்தக் கதி வந்துவிடக் கூடாதே என்று கவலைப்பட்டார். அப்படி நினைக்க அவருக்கு என்ன உரிமை? அந்தப் பெண்மணிக்கு ஓர் இசைப் படைப்பு எழுதித் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கிச் செலவும் செய்துவிட்டு, ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தவர் அவர்தான்.

அந்தப் பெண்மணி எலீஸ் ஹால், 1853-ல் பாரிஸில் பிறந்த அமெரிக்கர். கணவர் ரிச்சர்ட் ஹால் அறுவை மருத்துவர்; அமெரிக்காவில் குடல்வால் அறுவையைத் தொடக்க காலத்திலேயே செய்தவர்களில் ஒருவர். அதே குடல்வால் நோய்தான் 1897-ல் அவர் உயிரைக் குடித்தது. காய்ச்சலுக்குப் பின் மங்கத் தொடங்கிய காதுகளுக்கு நல்லது என்று கணவர் யோசனை சொன்னதால்தான் எலீஸ் சாக்ஸபோனைக் கையில் எடுத்தார் என்பார்கள். அப்போதே அவர் நடுவயதை எட்டியிருந்தார். ஆல்டோ வாசிப்பவள் என்பதால் சொல்கிறேன்: ஊதுகட்டையை மேல்பற்களால் கவ்வி ஊதும்போது அதிர்வு தாடை வழியாகத் தலைக்குள் ஏறும். காது மந்தமானவருக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்!

கணவர் மறைந்ததும் பாஸ்டனில் குடியேறி, 1899-ல் ஆர்கெஸ்ட்ரா சங்கம் ஒன்றைத் தொடங்கினார். அதை நடத்தியவர் பாஸ்டன் சிம்பொனியின் ஓபோ கலைஞர் ஜார்ஜ் லாங்ஜி. செலவெல்லாம் எலீஸுடையது. ஆனால் வாசிக்க இசை வேண்டுமே? அடால்ஃப் சாக்ஸ் 1846-ல் காப்புரிமை பெற்ற கருவி அன்று பெரும்பாலும் ராணுவ பேண்டுக்குள்தான் கிடந்தது. பாரிஸ் இசைக் கல்லூரியில் 1870-ல் மூடிய சாக்ஸபோன் வகுப்பு மறுபடி திறந்தது 1942-ல். நடுவே இருந்த வெறுமையை ஒரு பெண் தன் பணப்பையைத் திறந்து நிரப்பப் பார்த்தார். லோஃப்லர், வின்சென்ட் தாந்தி, காப்லே, கில்சன், ஃப்ளோரான் ஷ்மிட் என்று 20-க்கும் மேற்பட்ட படைப்புகள் அவர் முயற்சியில் பிறந்தன. தாந்தி எழுதித் தந்ததைத்தான் அவர் அன்று பாரிஸில் வாசித்தார்.

டெபுஸி கதைக்கு வருகிறேன். 1903-ல் எலீஸ் பாரிஸுக்கே வந்து தன் இசை என்னவாயிற்று என்று கேட்டிருக்கிறார். அந்தப் பிடிவாதத்தை டெபுஸி நண்பருக்குக் கடிதம் எழுதிக் கிண்டலடித்தார். எனக்கோ அந்த இடத்தில்தான் எலீஸ் மீது மரியாதை கூடுகிறது. ஒருவழியாக வரைவு தயாரானது. ஆர்கெஸ்ட்ராவுக்கான பகுதிகளை டெபுஸி விரித்து எழுதவில்லை. 1918-ல் அவர் இறந்த பிறகு நண்பர் ரோஜே-துகாஸ் அந்த வேலையை முடித்தார். 1919 மே மாதம் பாரிஸில் முதன்முதலாக அரங்கேறியபோது சாக்ஸபோன் வாசித்தவர் வேறொருவர்.

டெபுஸி எழுதிய அந்த ‘ராப்ஸோடி’யில் சாக்ஸபோனுக்கு வேலை கொஞ்சம்தான். நீண்ட இடைவெளிகளில் தாளத்தை எண்ணிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அலுப்பு என்று சொல்லும் கலைஞர்கள் உண்டு. நான் ஒப்பமாட்டேன். தந்திக் கருவிகள் எழுப்பும் மூட்டத்துக்குள்ளிருந்து ஆல்டோ மெதுவாகத் தலைநீட்டும் அந்த முதல் சொற்றொடருக்காக எவ்வளவு நேரமும் காத்திருக்கலாம். ஷ்மிட்டின் ‘லெஜாந்த்’ இதற்கு நேர் எதிர். மூச்சுவிட இடம் கொடுக்காது.

1924-ல் எலீஸ் இறந்தார். டெபுஸியின் கைப்பிரதி பாஸ்டனில் நியூ இங்கிலாந்து இசைக் கல்லூரியில் இருக்கிறது. ‘பொழுதுபோக்குக்கு ஊதிய பணக்காரி’ என்று அவரை இன்றும் ஒதுக்குபவர்கள், சாக்ஸபோன் மாணவர்களின் பாடப் பட்டியலில் அவர் எழுதவைத்தவற்றை எடுத்துவிட்டு மிச்சத்தைப் பார்க்கட்டும். அந்தக் காலகட்டத்துக்கு அநேகமாக எதுவும் தேறாது.