பிறக்கவும் இறக்கவும் தடை இருந்த தீவு

கிரேக்க நாட்டின் டெலோஸ் தீவில் ஏறத்தாழ 2,450 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு விதி நடப்புக்கு வந்தது. அந்தத் தீவில் யாரும் பிறக்கக்கூடாது. யாரும் இறக்கவும் கூடாது. பிரசவம் நெருங்கிய பெண்களையும் மரணப் படுக்கையில் இருந்தவர்களையும் படகில் ஏற்றி, எதிரே இருக்கும் ரீனியா தீவுக்கு அனுப்பினார்கள். அதற்கு முன்பு டெலோசில் புதைக்கப்பட்டிருந்தவர்களின் எலும்புகளைக்கூடத் தோண்டியெடுத்து அங்கே கொண்டுபோய்ப் புதைத்தார்கள்.

இந்த விதியை விதித்தவர்கள் தீவின் மக்கள் அல்லர். அன்று கடலை ஆண்ட ஏதென்ஸ் நகரம்தான் விதித்தது. சூரியனோடு சேர்த்து வணங்கப்பட்ட அப்பொல்லோ தெய்வம் பிறந்த இடத்தைத் தூய்மைப்படுத்துகிறோம் என்று காரணம் சொன்னது. இது நடந்தது கி.மு. 426ஆம் ஆண்டின் குளிர்காலத்தில். அதன் பிறகு, "இது நான் பிறந்த மண்" என்றோ "என் பாட்டன் புதைக்கப்பட்ட மண்" என்றோ டெலோசைச் சொல்லிக்கொள்ள ஒருவராலும் முடியாமல் போனது.

மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் ஐரோப்பாவில் ஒரு பருவம் படித்தபோது, வசந்தகால விடுமுறையில் நண்பர்கள் மூவருடன் டெலோசுக்குச் சென்றேன். வரலாற்றுப் பாடத்தில் நான் படித்திராத ஒரு கேள்வியை அந்தத் தீவு எனக்குக் கொடுத்தது. அதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

தனி வழிகாட்டி எதற்கு?

மிக்கோனோஸ் தீவிலிருந்து டெலோசுக்குப் படகில் சுமார் அரை மணி நேரம். பெரும்பாலான சுற்றுப்பயணிகள் மிக்கோனோசுக்கு வருவது கடற்கரைக்காகவும் இரவு விருந்துகளுக்காகவும். டெலோசில் ஒரு தனி வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளலாம் என்று நான் சொன்னபோது ஒரு நண்பர் உடனே மறுத்தார். "எல்லாத் தகவலும் கைப்பேசியிலேயே இருக்கிறது. அந்தக் காசில் இரண்டு வேளை நன்றாகச் சாப்பிடலாம்" என்பது அவரது வாதம். மாணவர்களுக்கு அது நியாயமான வாதம்தான். ஆனால் கட்டணம் ஆளுக்கு இவ்வளவு என்று இல்லாமல் குழுவுக்கு இவ்வளவு என்று இருந்ததால், நால்வரும் பங்கிட்டுக்கொள்ளச் சம்மதித்தோம்.

கிரேக்கத்தின் தொல்லியல் தலங்களில் வழிகாட்டியாக வேலை செய்ய அரசாங்க உரிமம் வேண்டும். எங்களுக்கு வாய்த்தவர் ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணி. படகிலிருந்து இறங்கியதும் இடிந்த தூண்கள் சூழ்ந்த ஒரு சதுக்கம் வந்தது. "இதைப் பற்றித் திரும்பி வரும்போது பேசலாம்" என்று சொல்லிவிட்டு அவர் விறுவிறுவென்று மேலே நடந்தார்.

டெலோஸ் மிகச் சிறியது. பரப்பளவு ஏறத்தாழ 3.4 சதுர கிலோமீட்டர். நமது செந்தோசாவைவிடக் குறைவு. ஆறு இல்லை, காடு இல்லை, சொல்லும்படியான விளைநிலமும் இல்லை. இன்று காவலர்களையும் ஆய்வாளர்களையும் தவிர யாரும் அங்கே இரவு தங்க முடியாது. ஏப்ரலில் இடிபாடுகளுக்கு இடையே சிவப்புப் பாப்பிப் பூக்கள் பூத்திருந்தன. சுவர்மீது பெரிய ஓணான்கள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன.

தண்ணீர் இல்லாத ஊரில் மாளிகைகள்

தீவின் வளத்துக்குக் காரணம் மண் அல்ல, வரிச்சலுகை. கி.மு. 166 வாக்கில் ரோம் டெலோசை ஏதென்சின் பொறுப்பில் விட்டு, வரியில்லாத் துறைமுகமாக அறிவித்தது. அப்போது வணிகத்தில் ஓங்கியிருந்த ரோட்ஸ் தீவுக்கு அது பேரிடி. தங்கள் துறைமுக வருவாய் ஆண்டுக்கு 10 லட்சம் டிராக்மாவிலிருந்து 1,50,000ஆகச் சரிந்துவிட்டதாக ரோட்சின் தூதர்கள் ரோமில் முறையிட்டனர்.

வரியில்லாத் துறைமுகம் என்ற சொல்லைக் கேட்டதும் நாங்கள் நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். 1819ஆம் ஆண்டையும் அந்தச் சொல்லையும் சேர்த்தே மனப்பாடம் செய்தவர்கள் நாங்கள். சிறிய தீவு, நல்ல அமைவிடம், வரி இல்லை, பல நாட்டு வணிகர்கள்: கதை பழகியதாகவே இருந்தது.

அடுத்து அவர் சொன்னது பழகியதாக இல்லை. துறைமுகம் திறந்த அதே சமயத்தில், டெலோசின் பூர்வீக மக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். அவர்களுடைய இடத்தில் ஏதென்சிலிருந்து வந்தவர்கள் குடியேறினர். சுற்றுப்பயணிகள் விரும்பிப் படமெடுக்கும் 'கிளியோபாட்ராவின் வீடு' அப்படி வந்த ஓர் ஏதென்ஸ் தம்பதியுடையது. எகிப்து அரசி வேறு, இந்தக் கிளியோபாட்ரா வேறு. தன் கணவர் டயோஸ்குரிடீஸ் அப்பொல்லோ கோவிலுக்கு வெள்ளிக் காணிக்கை அளித்த பெருமையைச் சொல்லி அவர் நிறுவிய சிலைகளுக்கு இன்று தலை இல்லை.

செல்வர்களின் வீடுகள் அழகானவை. ஒரு வீட்டின் தரையில், இறக்கைகளோடு டயோனைசஸ் புலிமீது அமர்ந்திருக்கும் மொசைக் ஓவியம் இருக்கிறது. ஆனால் வழிகாட்டி எங்களை முதலில் பார்க்கச் சொன்னது முற்றத்தின் அடியில் இருந்த மழைநீர்த் தொட்டியை. வீட்டுக்கு வீடு கூரையில் விழும் மழையைச் சேமித்துத்தான் அந்த ஊர் குடித்தது. ஏறத்தாழ 5,500 பேர் அமரக்கூடிய அரங்கத்தில் விழுந்த மழைநீர்கூட வீணாகவில்லை. அருகிலேயே கல் வளைவுகள் தாங்கும் ஒரு பெரிய தொட்டிக்குள் அது சேர்ந்தது. தண்ணீரை எண்ணிக் கணக்கிடும் நாட்டிலிருந்து வந்த எங்களுக்கு அதன் அருமை புரிந்தது.

பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். "அந்தத் தொட்டியிலிருந்து தண்ணீர் இறைத்தவர் யார்? அவர் எங்கே படுத்து உறங்கினார்?"

நாங்கள் சுற்றிலும் பார்த்தோம். வரவேற்பறை தெரிந்தது. விருந்தறை தெரிந்தது. அவர் கேட்டதற்கு எங்களிடம் பதில் இல்லை.

விற்கப்பட்டவர்கள்

டெலோசில் தானியமும் எண்ணெயும் வாசனைப் பொருள்களும் கைமாறின. அவற்றோடு மனிதர்களும் கைமாறினார்கள். ஒரே நாளில் பல்லாயிரம் அடிமைகளை இறக்கி, விற்று, ஏற்றி அனுப்பும் ஆற்றல் இத்துறைமுகத்துக்கு இருந்தது என்று பழங்கால நிலவியல் எழுத்தாளர் ஸ்ட்ராபோ பதிவு செய்திருக்கிறார். கி.மு. 146இல் கார்த்தேஜையும் கொரிந்தையும் அழித்த பிறகு ரோமானியர்களின் செல்வம் பெருகியது. வேலைக்கு அடிமைகள் ஏராளமாகத் தேவைப்பட்டனர். கடற்கொள்ளையர்கள் ஆட்களைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். டெலோசில் அவர்களை வாங்க ஆள் இருந்தது.

"அந்தச் சந்தை எங்கே நடந்தது?" என்று நான் கேட்டேன்.

இத்தாலியர் சதுக்கம் எனப்படும் பெரிய முற்றத்துக்கு எங்களை அழைத்துச் சென்றார். இதுவே அடிமைச் சந்தையாக இருந்திருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். வேறு சிலர் உறுதியாக மறுக்கிறார்கள். 1870களிலிருந்து பிரெஞ்சுத் தொல்லியல் ஆய்வாளர்கள் இந்தத் தீவை அகழ்ந்து வருகிறார்கள். இத்தனை ஆண்டு ஆய்வுக்குப் பிறகும், இதுதான் அடிமைச் சந்தை என்று ஐயமின்றிச் சொல்லத்தக்க ஓர் இடம் அடையாளம் காணப்படவில்லை. புலிமீது அமர்ந்த தெய்வத்தின் ஓவியம் நிலைத்திருக்கிறது. பல்லாயிரம் பேர் நின்ற இடம் எது என்பதற்கு ஒரு கல் கூடச் சாட்சி சொல்லவில்லை.

அங்கிருந்து புகழ்பெற்ற சிங்கங்களைக் காணச் சென்றோம். கி.மு. ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் நாக்சோஸ் தீவினர் அளித்த பளிங்குச் சிங்கங்கள் அவை. இப்போது வெளியில் நிற்பவை நகல்கள். அசல் சிங்கங்கள் அருங்காட்சியகத்துக்கு மாற்றப்பட்டுவிட்டன. எதிரே இருந்த புனித ஏரியை, மலேரியா பரவாமலிருக்க 1920களில் வற்றச் செய்துவிட்டார்கள். ஏரி இருந்த இடத்தில் இன்று ஒரு பேரீச்சை மரம் நிற்கிறது.

சுமார் 112 மீட்டர் உயரமுள்ள கிந்தோஸ் குன்றில் ஏறினால் முழுத் தீவும் காலடியில் தெரிகிறது. எகிப்தின் ஐசிஸ் தெய்வத்துக்கு ஒரு கோவில், சிரியா நாட்டுத் தெய்வங்களுக்குக் கோவில், பெய்ரூட் வணிகர்களின் சங்கக் கட்டடம், கிழக்குக் கரையில் யூதர்களின் தொழுகைக்கூடம் என்று கருதப்படும் கட்டடம். இத்தனை நம்பிக்கைகளும் அருகருகே இருந்தன என்பது உண்மை. அந்தச் சமூகம் மனிதர்களை விற்றது என்பதும் உண்மை. இரண்டில் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு நகர முடியாது.

கல்லில் இருந்த பெயர்கள்

டெலோசின் செழிப்பு ஒரு நூற்றாண்டுகூட நீடிக்கவில்லை. ரோமின் நிழலில் வளர்ந்த ஊரை ரோமின் எதிரிகள் குறிவைத்தனர். கி.மு. 88இல் போன்டஸ் மன்னர் மித்ரிடேட்டிசின் படையினர் தாக்கினர், ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். கி.மு. 69இல் கடற்கொள்ளையர்கள் மீண்டும் சூறையாடினர். வணிகப் பாதைகள் வேறு துறைமுகங்களுக்கு மாறின. தீவு மெல்ல மெல்ல வெறிச்சோடியது.

படகுத்துறைக்குத் திரும்பியபோது, காலையில் தாண்டிச் சென்ற சதுக்கத்தில் வழிகாட்டி நின்றார். அதன் பெயர் கொம்பெட்டாலியஸ்டுகளின் சதுக்கம். தெருச்சந்திகளைக் காக்கும் ரோமானியத் தெய்வங்களை வழிபட்ட ஒரு சங்கத்தாருக்கு அந்தப் பெயர். அந்தச் சங்கத்தில் இருந்தவர்கள் அடிமைகளும், விடுதலை பெற்ற முன்னாள் அடிமைகளும். அவர்கள் ஒன்றுகூடித் தெய்வத்துக்குக் காணிக்கை வைத்து, தங்கள் பெயர்களைக் கல்லில் பொறித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"காலையில் சொல்லியிருந்தால் தலையாட்டிவிட்டு நடந்திருப்பீர்கள்" என்றார் அவர்.

தனி வழிகாட்டி வேண்டாம் என்று முதலில் மறுத்த நண்பர்தான் அந்தச் சதுக்கத்தில் அதிக நேரம் நின்றார்.

கைப்பேசித் தகவலுக்கும் ஒரு மனிதருக்கும் உள்ள வேறுபாடு எனக்கு அங்கேதான் தெளிவானது. எது எந்த ஆண்டில் கட்டப்பட்டது என்பதைக் கைப்பேசி சொல்லிவிடும். எதை முதலில் காட்டுவது, எதை நாம் கேட்கும்வரை வைத்திருப்பது என்பதை உடன் நடக்கும் ஒருவரால்தான் முடிவு செய்ய முடியும்.

இப்போதெல்லாம் ஓர் ஊரின் வளர்ச்சிக் கதையைப் படிக்கும்போது இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கேட்கிறேன். இதற்காக யார் இடம் பெயர்ந்தார்கள்? வேலை செய்தவர்களின் பெயர் எங்கே எழுதப்பட்டிருக்கிறது? சிங்கப்பூர் ஆற்றங்கரையில் மூட்டை சுமந்த கூலிகளைப் பற்றிப் படிக்கும்போதும் அதே கேள்விகள் வருகின்றன.

செல்ல விரும்பும் இளையர்களுக்குச் சில குறிப்புகள்: மூவர் அல்லது நால்வராகச் சேர்ந்து வழிகாட்டியை அமர்த்துங்கள், உரிமம் உள்ளவரா என்று கேளுங்கள். பலத்த காற்று வீசினால் படகுகள் ஓடாது. மாற்று நாள் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். தீவில் நிழல் குறைவு. தொப்பியும் போதிய தண்ணீரும் அவசியம். மிக்கோனோசின் தொல்லியல் அருங்காட்சியகம் திறந்திருந்தால் தவறவிடாதீர்கள். டெலோசின் கல்லறைகளிலிருந்து ரீனியாவுக்கு அகற்றப்பட்டு, 1898இல் மீண்டும் கண்டெடுக்கப்பட்ட பானைகளும் கலயங்களும் அங்கே இருக்கின்றன. இறந்தவர்களோடு அவர்களின் உறவினர்கள் வைத்தனுப்பியவை அவை.