பால் கவரும் பேப்பரும் ஒரே பையில் வேண்டாமே!

காலையில் கத்தரித்த பால் கவர் எங்கே போகிறது? பல வீடுகளில், பழைய செய்தித்தாளும் கூரியர் அட்டைப்பெட்டியும் கிடக்கும் அதே பைக்குத்தான். இரண்டையும் பாழாக்க அது போதும்.

பேப்பர் ஆலையில் பழைய தாளைத் தண்ணீரில் போட்டு, மிக்ஸி போல அடித்துக் கூழாக்குவார்கள். தாள் இழை இழையாகப் பிரியும், பிளாஸ்டிக் பிரியாது. துண்டுகளாகிச் சல்லடையை அடைக்கும். பிளாஸ்டிக்கை உருக்கும் இடத்தில் கதை தலைகீழ். ஒட்டியிருக்கும் தாள் சூட்டில் கருகி, தரத்தைக் கெடுக்கும்.

'இயந்திரம் பிரித்துவிடாதா?' என்று கேட்கலாம். காற்றை வீசி, லேசானதையும் கனமானதையும் பிரிக்கும் இயந்திரங்கள் உண்டு. ஆனால், கேரி பேக்கும் லேசு, தாளும் லேசு. இரண்டும் சேர்ந்தே பறக்கும். அகச்சிவப்புக் கதிரால் அடையாளம் காணும் இயந்திரங்களின் விலையோ அதிகம். அதனால், பெரும்பாலும் கடைசியில் பிரிப்பது தூய்மைப் பணியாளரின் கைதான். உடைந்த கண்ணாடியும் பழைய பிளேடும் குத்துவது அந்தக் கையில்தான்.

கலந்து கொட்டியதன் விளைவுக்குச் சென்னையின் பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைமேடுகளே சாட்சி. பழைய குப்பையைத் தோண்டிச் சலிக்கும்போது கிடைக்கும் அழுக்கேறிய பிளாஸ்டிக், சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாகத்தான் போகிறது. மண்ணோடு ஊறிப்போன பேப்பரை மீட்க வழியே இல்லை.

இன்னொரு குழப்பம், 'பேப்பர் மக்கும்தானே' என்று காய்கறிக் கழிவோடு போடுவது. மறுசுழற்சிக்குப் போக வேண்டிய பேப்பரை உலர் கழிவாகத்தான் கொடுக்க வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை:

* பால், எண்ணெய் கவர்களை அலசி, காயவைத்துத் தனிப் பையில் சேருங்கள்.

* செய்தித்தாள், நோட்டு, அட்டைப்பெட்டியை நனையாத இடத்தில் கட்டி வையுங்கள். பெட்டியில் இருக்கும் டேப்பை உரித்துவிடுங்கள்.

* பேப்பர் கப்பின் உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். பளபளப்பான கல்யாணப் பத்திரிகையிலும் இருக்கலாம். ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள். படலம் இழுபட்டால் பேப்பர் கட்டில் சேர்க்காதீர்கள்.

* பஜ்ஜி எண்ணெய் ஊறிய தாள் மறுசுழற்சிக்கு ஆகாது. நல்ல தாளோடு கலக்காதீர்கள்.

* உடைந்த கண்ணாடி, பிளேடைத் தடித்த தாளில் சுற்றி, தனியாகச் சொல்லிக் கொடுங்கள்.

வீட்டில் இதற்கு ஆகும் நேரம் சில விநாடிகள். அதே வேலையை நாற்றத்துக்கு நடுவே, நூறு வீட்டுக் குப்பைக்கும் சேர்த்து ஒருவர் செய்ய வேண்டியதில்லை.