எறிகணை கேட்ட காதுகளும் கிற்றார் ஒலியும்

2006 இல் மூதூர் கிழக்கில் எறிகணைகள் விழுந்தபோது இடம்பெயர்ந்த மக்களில் பலர், கிளிவெட்டி இடைத்தங்கல் முகாமில் வருடக்கணக்கில் வாழ்ந்தனர். வெடிச்சத்தம் உட்காதின் நுண்ணிய உணர்கலங்களைச் சிதைக்கும். அவை மீண்டும் வளர்வதில்லை. இவ்வாறு செவித்திறன் குறைந்த சிலருக்கு, மெல்லிய பேச்சு கேட்காது. உரத்த ஒலியோ தாங்க முடியாததாக இருக்கும்.

கோயில் திருவிழாவிலோ கலைநிகழ்விலோ கிற்றார் ஒலி காதைக் குத்துவது இதனால்தான் கவனிக்கப்பட வேண்டியது. மனிதக் காது 2000 முதல் 5000 ஹேர்ட்ஸ் வரையான ஒலிகளையே மிகக் கூர்மையாக உணர்கிறது. கிற்றாரின் கீச்சொலியும் அங்கேதான் விழுகிறது.

வால்வு அம்பிளிபயரில் இதைக் குறைப்பது கடினமல்ல. 'பிரைட்' சுவிட்ச் இருந்தால் அணைத்துவிடுங்கள். ஒலியளவு குறைவாக இருக்கும்போதுதான் அது கீச்சொலியை அதிகம் தூக்கிக் காட்டும். அடுத்து றெபிள், பிரசென்ஸ் குமிழ்களைக் குறையுங்கள். நிகழ்ச்சியில் வாசிக்கப்போகும் அதே ஒலியளவில் வைத்தே இதைச் செய்யுங்கள். அளவு கூடினால் காதுக்கு ஒலி வேறாகத் தெரியும். கிற்றாரிலுள்ள 'டோன்' குமிழும் உதவும்.

கீச்சொலி ஸ்பீக்கரின் நேர்முன்னே, டோர்ச் வெளிச்சம்போல ஒடுங்கிப் பாயும். எனவே முன்வரிசையில் இருப்போரின் முகத்துக்கு நேரே ஸ்பீக்கரை வைக்காதீர்கள். சற்றுத் திருப்பி வையுங்கள்.

அம்பிளிபயரைத் திறந்து பாகம் மாற்றுவதைத் திருத்துநரிடம் விடுங்கள். மின்னிணைப்பைக் கழற்றிய பின்னும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்சாரம் தேங்கியிருக்கலாம். அது உயிரைப் பறிக்கும்.

காதில் இரைச்சல் நீடித்தால் குமிழைத் திருப்பிப் பயனில்லை. காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.