பந்தல்குடிப் பிள்ளைகளுக்கு விடுதலைக் கதை – 9: திருச்சிக் கோட்டைச் சுவரில் ஓர் அறிக்கை

1773 டிசம்பரில் பாஸ்டன் துறைமுகத்தில் அமெரிக்கர்கள் கடலில் கொட்டிய தேயிலை கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. நம் கரிசல் காட்டில் கிஸ்தி என்ற வரி கேட்டதும் அதே கம்பெனிதான். இந்த வாரம் ஜெஃபர்சன் எழுதிய அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தைப் படிப்பதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் ஒரு சுவரொட்டி என்னைப் பிடித்துக்கொண்டது.

பந்தல்குடியில் பஸ் ஏறி அருப்புக்கோட்டை, திருச்சுழி தாண்டிப் போனால் நரிக்குடி. அதன் பக்கத்து முக்குளத்துப் பிள்ளைகள்தான் பெரிய மருதுவும் சின்ன மருதுவும். சிவகங்கைச் சீமையின் அதிகாரம் கைக்கு வந்த பிறகு, இளையவர் 1801 ஜூன் 16-இல் ஓர் அறிக்கை விட்டார். திருச்சிக் கோட்டைச் சுவரில் ஒன்று, ஸ்ரீரங்கம் கோயில் மதிலில் ஒன்று. திருச்சியில் கம்பெனிப் படை இருந்தது. எதிரியின் வாசலிலேயே ஒட்டியிருக்கிறார்கள், பிள்ளைகளே!

யாரைக் கூப்பிடுகிறது அந்த அறிக்கை? ஜம்புத் தீவில், அதாவது இந்த நாட்டில் வாழும் எல்லோரையும். அந்தணர், சத்திரியர், வைசியர், சூத்திரர், முஸ்லிம்கள் என்று சொல்லிவிட்டு, கம்பெனியில் சம்பளம் வாங்கிய நம்மவர்களையும் அழைக்கிறது: சிப்பாய், நாயக், ஹவில்தார், ஜமேதார், சுபேதார் என்று பதவி பதவியாக! இதைப் படித்ததிலிருந்து வேறெதிலும் எனக்கு மனம் ஓடவில்லை. கம்பெனியின் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை நம் ஆட்களின் தோளில்தான் இருந்தன. அந்தத் தோள்கள் விலகிக்கொண்டால்? வேற்று ஆட்சி நம் கைகளை வைத்தே நம்மை ஆள்கிறது என்று சின்ன மருது கண்டுகொண்டார். ஆள்கிறவரின் அதிகாரம் ஆளப்படுகிறவரின் சம்மதத்திலிருந்து பிறக்கிறது என்று 25 ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கர்கள் எழுதியதற்கு இது மிக அருகில் நிற்கிறது.

மருதுவின் அறிக்கை காரணங்களும் சொல்கிறது. ஆற்காட்டு நவாபு ஏமாந்து இடம் கொடுத்தார், ஐரோப்பியர் வாக்குத் தவறி நாட்டைத் தமதாக்கினர், நமக்குள்ளும் ஒற்றுமை இல்லை. இதைக் கிழிப்பவனைப் பெரும்பாவம் சேரும் என்று சாபமும் உண்டு.

ஒன்றை மறைக்கக் கூடாது. பழைய அரசர்கள் திரும்ப வர வேண்டும் என்றுதான் இந்த அறிக்கை கேட்டது, குடிமக்களே ஆள வேண்டும் என்றல்ல. எல்லா மனிதரும் சமம் என்று எழுதிய ஜெஃபர்சனோ அடிமைகளை வைத்திருந்தார். இரண்டு காகிதங்களையும் அவற்றின் குறையோடு சேர்த்தே படியுங்கள்.

1801 அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் மருது சகோதரர்களைக் கம்பெனியார் தூக்கிலிட்டார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமியைப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். அவருக்கு வயது 15 அளவில்தான், உங்களில் மூத்தவர்களின் வயது.

இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜ் மீது அமெரிக்கர்கள் அடுக்கிய குற்றச்சாட்டுகள் அடுத்த வாரம். 1781-இல் யார்க்டவுனில் அவர்களிடம் தோற்ற ஆங்கிலத் தளபதி காரன்வாலிஸ், 1786-இல் கவர்னர் ஜெனரலாக இங்கே வந்து இறங்கிய கதையும் கூடவே வரும்.